எந்தக் குழம்புக்கு எந்தக் கத்தரிக்காய்: வேலூர்–சித்தூர் எல்லையில் கிடைக்கும் வகைகள், ஓர் ஒப்பீடு

வேலூர், காட்பாடி, குடியாத்தம், சித்தூர் பக்கத்துக் காய்கறிக் கடைகளில் ஒரே நாளில் ஐந்து விதக் கத்தரிக்காயைப் பார்க்கலாம். இலவம்பாடி முள்ளுக்கத்தரி, ஊதாவில் வெள்ளை வரி ஓடிய காய், பச்சை நீளக் காய், வெள்ளைக் காய், சுடுவதற்கான பெரிய குண்டுக் காய். பெரும்பாலானோர் நிறத்தையும் விலையையும் பார்த்துக் கூடையில் போடுகிறார்கள். பிறகு எண்ணெய்க் கத்தரிக்காய் கூழாகிவிட்டது, கடைசல் சக்கை சக்கையாக இருக்கிறது, குழம்பு கசக்கிறது என்று அடுப்படியில் புலம்பல். நிறத்தை வைத்து ருசியைக் கணிக்க முடியாது. பார்க்க வேண்டியவை மூன்று: தோலின் தடிப்பு, சதையின் இறுக்கம், விதை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது.

முதலில் கையில் எடுத்துப் பார்க்கும் விதம். தோல் பளபளவென்று இருக்க வேண்டும். மங்கிப்போன தோலென்றால் காய் செடியிலேயே முற்றிவிட்டது, அல்லது பறித்து நாளாகிவிட்டது. கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் சதை உடனே மேலே வர வேண்டும். குழி அப்படியே நின்றால் பழசு. அழுத்தவே முடியாமல் கல் மாதிரி இருந்தால் ரொம்பப் பிஞ்சு, பொரியலுக்கு ஆகும், கடைசலுக்கு ஆகாது. ஒரே அளவில் இரண்டு காய் இருந்தால் கனமானதை எடுங்கள். காம்பு பச்சையாக, வெட்டிய முனை ஈரமாக இருந்தால் நேற்றோ இன்றோ பறித்தது. காம்பு காய்ந்து பழுப்பேறியிருந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

புழு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு: ஓட்டை இல்லாத காயில் புழு இருக்காது என்பது. தண்டு, காய்த் துளைப்பான் புழு மிகச் சிறியதாக இருக்கும்போதே, பெரும்பாலும் காம்புத் தொப்பியின் அடியில் நுழைகிறது. அந்தத் துளை ஆறி மூடிவிடும். நம் கண்ணுக்குப் படும் பெரிய ஓட்டை, புழு வளர்ந்து கூட்டுப்புழுவாக மாற வெளியேறிய வழி. ஆகவே ஓட்டை உள்ள காயில் புழு போயிருக்கலாம், கழிவு மட்டும் உள்ளே இருக்கும். ஓட்டையே இல்லாத காயில் புழு குடியிருக்கலாம். தொப்பியை லேசாகத் தூக்கி அடியில் பழுப்புத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உருப்படியான சோதனை. முழுக்காயாகச் சமைப்பதென்றால், நான்காகக் கீறும்போது ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துவிட வேண்டும்.

முள்ளுக்கத்தரி

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் உள்ள இலவம்பாடியின் பெயரால் அறியப்படும் இந்தக் காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் தொப்பியிலும் முள். பறிப்பவர் கை கிழியும், வாங்குபவரும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வாங்கியதும் முள்ளை அடுப்பில் காட்டிப் பொசுக்குகிறவர்கள் உண்டு. அது தேவையில்லை, கத்தியின் முதுகால் சுரண்டினாலே போதும். காம்பை வெட்டி எறிந்துவிடாதீர்கள். முழுக்காயாகச் சமைக்கும்போது நான்கு துண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான்.

இதன் பலம் இறுகிய சதையும் குறைந்த விதையும். எண்ணெயில் வதங்கினாலும் உருக்குலையாது, மசாலாவை உள்வாங்கும். ஆகவே முழுக்காயாகச் செய்யும் இரண்டு சமையலுக்கு இதற்கு மாற்று இல்லை: ஆம்பூர் பக்கம் பிரியாணியோடு வைக்கும் புளிப்பும் காரமுமான எண்ணெய்க் கத்தரிக்காய், சித்தூர் பக்கத்துக் குத்தி வங்காய். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களே அதிகம். செய்முறையில் இரண்டும் எதிரெதிர்.

எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அரை கிலோ சின்னக் காய் (12 முதல் 14 வரும்). அடிப்பக்கத்திலிருந்து காம்பு வரை நான்காகக் கீறி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து அதில் 10 நிமிடம் போடவும். பிறகு துணியில் துடைத்து ஈரமில்லாமல் ஆக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் எண்ணெய் வெடித்துத் தெறிக்கும், காய் வதங்காமல் வேகும். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ 80 மில்லி, மிதமான தீயில் 7, 8 நிமிடம், தோல் சுருங்கும் வரை திருப்பித் திருப்பி வதக்கித் தனியே எடுத்துவைக்கவும். வறுத்து அரைக்க: வேர்க்கடலை 3 மேசைக்கரண்டி, எள் ஒன்றரை, மல்லி ஒன்றரை, காய்ந்த மிளகாய் 8, சீரகம் ஒரு தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, பூண்டு 6 பல். அதே எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, 150 கிராம் சின்ன வெங்காயம் தாளித்து, அரைத்ததைப் போட்டு 4 நிமிடம் கிளறி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட வேண்டும். காயை இதற்குப் பிறகுதான் உள்ளே விட வேண்டும். மூடி, சிறுதீயில் 8 முதல் 10 நிமிடம், எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை.

இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? வதக்காத காயைப் புளித்தண்ணீரில் போட்டால் அரை மணி நேரம் கொதித்தாலும் தோல் நறுக்நறுக்கென்றே நிற்கும். புளிப்பு காயின் நாரை இளகவிடாது. அதனால் கத்தரிக்காய் முக்கால் பங்கு வெந்த பிறகே எந்தக் குழம்பிலும் புளி சேர வேண்டும். இன்னொன்று, வேர்க்கடலை விழுது அடிப்பிடிக்கும் சாமான். கனமில்லாத பாத்திரத்தில் இரண்டு நிமிடம் கவனிக்காவிட்டால் கருகிய வாசனை குழம்பு முழுக்க ஏறிவிடும். இரும்புச் சட்டியில் வதக்கலாம், ஆனால் புளி ஊற்றிய குழம்பை அதிலேயே வைத்தால் கறுத்துப்போகும். மண்சட்டிக்கோ அடிகனமான பாத்திரத்துக்கோ மாற்றிவிடுவது நல்லது.

குத்தி வங்காயில் காயைத் தனியே வதக்குவதில்லை. கிட்டத்தட்ட இதே சாமான்களோடு இரண்டு மேசைக்கரண்டி கொப்பரைத் துருவல், உப்பு, புளி சேர்த்துத் தண்ணீர் விடாமல் பொடித்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைந்து, கீறிய காய்க்குள் அடைத்து, 5 மேசைக்கரண்டி எண்ணெயில் மூடிபோட்டுச் சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம் வேகவைப்பது. இங்கே புளி முதலிலேயே சேர்கிறதே என்று கேட்கலாம். பூரணத்தில் இருக்கும் கெட்டிப் புளி உள்சதையை மட்டும்தான் தொடுகிறது, அதுவும் சுண்டைக்காய் அளவுதான். வெளித்தோல் எண்ணெயிலும் ஆவியிலும் இளகிவிடும். விழுதைத் தண்ணீராக அரைத்து அடைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு: பூரணம் வழிந்து அடியில் ஒட்டிக் கருகும், காய் வெறுமையாக நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காம்பைப் பிடித்துத் திருப்பினால் போதும், கரண்டி போட்டுக் கிளறக் கூடாது.

பிரியாணிக்கோ பத்துப் பேருக்கோ என்றால் முதல் முறை. குழம்பு பெருகும், மறுநாள் இன்னும் ருசி கூடும். நான்கு பேருக்குச் சுடுசோறும் நெய்யுமாகப் போடுவதென்றால் குத்தி வங்காய். ஆறினால் அது பாதி ருசி.

வரிக் கத்தரி

அன்றாடக் காய் இதுதான். சாம்பார், காரக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்காயோடு போடும் புளிக்குழம்பு எல்லாவற்றுக்கும் தாங்கும். வாரத்துக்கு ஒரே வகை வாங்கி எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும் என்றால் வரிக் காயையே வாங்குங்கள். முள்ளுக்கத்தரி அளவுக்கு இறுக்கமில்லை, பச்சைக் காய் அளவுக்குக் குழைவும் இல்லை. விலையும் பெரும்பாலும் குறைவு. கருவாட்டுக் குழம்புக்கு நடுத்தர முற்றலாக எடுப்பது நல்லது. ரொம்பப் பிஞ்சு, கருவாட்டின் உப்பை இழுத்துக்கொள்ளும் முன்பே கரைந்துவிடும்.

பச்சைக் கத்தரி

தோல் மெலிசு, சீக்கிரம் வேகும், குழையும். கேழ்வரகுக் களிக்குக் கத்தரிக்காய் கடைசல் என்றால் பச்சைதான். 400 கிராம் காய், இரண்டு தக்காளி, 6 பச்சை மிளகாய், 5 பல் பூண்டு, அரைக் கோப்பைத் தண்ணீர். குக்கரில் இரண்டு விசில். தண்ணீரை வடித்துத் தனியே வைத்துவிட்டு, மத்தால் கடைந்து, பிறகு வடித்த தண்ணீரைத் தேவைக்கு ஊற்ற வேண்டும். தண்ணீரோடு கடைந்தால் காய் ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம் நிற்கும். மிக்ஸியில் அடிக்க வேண்டாம். விதை உடைந்து கசப்பு இறங்கும், கடைசல் பசை மாதிரி இழுக்கும். சங்கடி என்று சித்தூர் பக்கம் சொல்லும் களிக்கும் இந்தக் கடைசலுக்கும் உள்ள பொருத்தம் சோற்றோடு வராது.

பொரியலுக்கும் பச்சை நல்லது, ஆனால் முதல் 5 நிமிடம் மூடி போடக் கூடாது. நீர் விட்டுக் குழைந்துவிடும்.

வெள்ளை

இதற்கு ஏனோ ஒரு மருத்துவ மரியாதை சேர்ந்திருக்கிறது, சர்க்கரைக்கு நல்லது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்தக் கூடுதல் விலைக்கு வலுவான காரணம் எதுவும் இல்லை. ஊதாத் தோலில் இருக்கும் நிறச்சத்து இதில் இல்லை என்பதே உண்மை. சமையலில் இதற்கு ஒரு சரியான இடம் உண்டு: மோர்க்குழம்பு, பாசிப்பருப்புக் கூட்டு. ஊதாக் காய் போட்டால் இவை சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளை போட்டால் குழம்பின் நிறம் கெடாது. தோல் சற்றுத் தடிப்பாக வரும் காயும் உண்டு, அப்படியானால் சீவிவிட வேண்டியதுதான்.

பெரிய குண்டுக் காய்

300 முதல் 400 கிராம் எடையுள்ளது, சுடுவதற்கென்றே. சின்னக் காயைச் சுட்டால் தோலை உரித்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாது. எண்ணெய் தடவி, முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்திவிட்டு, நேரடித் தீயில் 12 முதல் 15 நிமிடம் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். குத்தாமல் சுட்டால் உள்ளே ஆவி அடைந்து வெடிக்கும். காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதிதான் கடைசியில் வேகும், அங்கே கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கினால் வெந்துவிட்டது. 5 நிமிடம் மூடிவைத்தால் தோல் தானே கழன்று வரும். தண்ணீரில் காட்டித் தோலுரிப்பவர்கள் புகை வாசனை முழுவதையும் கழுவிவிடுகிறார்கள்.

சுட்ட காய்க்கு நம் பக்கத்தில் கொத்சு, எல்லை தாண்டினால் வங்காய் பச்சடியும் பச்சிப் புலுசும். பச்சிப் புலுசை அடுப்பில் வைப்பதே இல்லை. 30 கிராம் புளியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, சுட்டு மசித்த காய், பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், உப்பு, நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டுக் கையால் பிசைந்து, மேலே கடுகும் சீரகமும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. வெயில் காலத்தில் இதற்கும் பருப்புச் சாதத்துக்கும் மிஞ்சியது இல்லை.

மருந்துக்கு என்றால் எது?

சித்த மருத்துவ வழக்கில் பத்தியத்துக்குக் கத்தரிப் பிஞ்சு ஆகும் என்பார்கள், முற்றியது கரப்பான் என்னும் தோல் நோய்க்கும் அரிப்புக்கும் ஆகாது என்று விலக்குவார்கள். இதில் நடைமுறைப் பொருள் இருக்கிறது. கத்தரிக்காய் தின்றால் சிலருக்கு நாக்கும் உதடும் அரிக்கும், தோலில் தடிப்பு வரும், அது ஒவ்வாமை. அப்படி வருபவர்கள் பிஞ்சு, முற்றல் என்று தேர்வு செய்துகொண்டிருக்காமல் அடியோடு விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆக்ஸலேட் பற்றியும், சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் பற்றியும் மருத்துவர் சொல்லும் அளவே கணக்கு.

சமைக்காத கத்தரிக்காயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 25 கலோரிதான், 92 விழுக்காடு தண்ணீர், 3 கிராம் அளவுக்கு நார். சர்க்கரை நோயாளிகளுக்கும் எடை குறைப்பவர்களுக்கும் ஏற்றது என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். ஆனால் சதை பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் உள்ளே போனாலே 120 கலோரி கூடிவிடும். உடம்புக்காகச் சாப்பிடுபவர்கள் சுட்ட காயையோ கடைசலையோ எடுக்க வேண்டும், எண்ணெய்க் கத்தரிக்காயை எடுத்துவிட்டு மருந்தென்று சொல்லக் கூடாது. வதக்கித்தான் ஆக வேண்டும் என்றால், துண்டுகளை இட்லிப் பானையில் 4 நிமிடம் ஆவியில் காட்டிவிட்டு வதக்கினால் காற்றறைகள் அமுங்கி எண்ணெய் பாதிகூடச் செலவாகாது.

ஊதாத் தோலிலுள்ள நாசுனின் என்ற நிறச்சத்து ஆய்வகத்தில் நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக வேலை செய்கிறது. அதைக் காட்டிக் கத்தரிக்காய் ஊறிய தண்ணீர் கொழுப்பைக் கரைக்கும் என்று பரப்புகிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தும் வேலை வேண்டாம்.

மருந்தாகவே வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது கத்தரியின் காட்டு உறவுகளை. கண்டங்கத்தரி தரையோடு படரும், உடம்பெல்லாம் முள், ஊதாப் பூ, வரியோடிய பச்சைக் காய் பழுத்தால் மஞ்சள். இருமல், இரைப்புக்கான கஷாயங்களில் இது முதல் சரக்கு, தசமூலத்தின் பத்து வேரில் இதுவும் ஒன்று. தூதுவளை வளைந்த முள்ளோடு ஏறும் கொடி, பழம் சிவப்பு. சளிக்கு ரசமாகவும் துவையலாகவும் வீட்டிலேயே பழகியது. சுண்டை ஆளுயரம் வளரும், வெள்ளைப் பூ, கொத்துக்கொத்தாகக் காய். இதை மோரில் உப்பிட்டு ஊறவைத்துக் காயவைத்த வற்றல், வயிற்றுப் பூச்சிக்கென்று வீடுகளில் வழங்குவது. இந்த மூன்றில் அடுப்படிக்குத் தயங்காமல் வரலாம் என்றால் சுண்டையும் தூதுவளையும். கண்டங்கத்தரிக் கஷாயத்தைச் சித்த மருத்துவர் அளவு சொல்லாமல் குடிக்கக் கூடாது. தோட்டத்துக் கத்தரியின் இலையும் தண்டும் எதற்கும் உதவாது, அவற்றில் சோலனின் நஞ்சு உண்டு. கீரை என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

வைத்திருப்பது

குளிர்பதனப் பெட்டி கத்தரிக்காய்க்குப் பகை. 10 டிகிரிக்குக் கீழே போனால் தோலில் குழி விழும், விதை பழுப்பாகும், வெளியே எடுத்ததும் வேகமாக அழுகும். இரண்டு நாளில் சமைப்பதாக இருந்தால் ஈரத்துணி போர்த்தி வெளியே நிழலில் வையுங்கள். அதற்கு மேல் என்றால் பெட்டியின் காய்கறித் தட்டில் காகிதத்தில் சுற்றி, அதுவும் மூன்று நாளுக்குள். நறுக்கிய காய் கறுப்பது கெட்டதால் அல்ல, காயிலிருக்கும் குளோரோஜெனிக் அமிலம் காற்றுப்பட்டுப் பழுப்பாவதால். உப்புத் தண்ணீரோ நீர்மோரோ போதும். நறுக்கி இரவெல்லாம் ஊறவைத்துக் காலையில் சமைப்பது மட்டும் வேண்டாம், ருசியெல்லாம் தண்ணீரோடு போகும்.

செடியாக வைப்பவர்களுக்கு

வீட்டுக்கு மூன்று செடி போதும், 15 லிட்டர் தொட்டி, தினமும் ஆறு மணி நேர வெயில். வேலூர்ப் பக்கத்து மண்ணுக்கு உள்ளூர் முள்ளுக்கத்தரியே பழகியது. சேர்ந்து காய்ப்பது வேண்டும், முள் வேண்டாம் என்பவர்கள் வீரிய ஒட்டுக்குப் போகலாம், ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச்செடி மாதிரி வராது. பாக்டீரியா வாடல் உள்ள மண்ணில், காலையில் செழிப்பாக நின்ற செடி மாலைக்குள் துவண்டு விழும். அங்கே கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா போன்ற வாடல் தாங்கும் ரகங்கள் நல்ல மாற்று. சூர்யா ஊதா, ஸ்வேதா வெள்ளை, ஹரிதா பச்சை. சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய கன்று இன்னொரு வழி, விலை அதிகம் என்றாலும் நீண்ட நாள் காய்க்கும். ஒட்டின் கீழே சுண்டைத் துளிர் வந்தால் உடனே கிள்ள வேண்டும். விட்டுவிட்டால் சில மாதத்தில் நின்றிருப்பது சுண்டைச் செடியாகத்தான் இருக்கும்.

நுனித்தண்டு தலைசாய்ந்து வாடினால் அது தாகம் அல்ல, துளைப்பான் உள்ளே இருக்கிறது. வாடிய நுனியை இரண்டு விரற்கடை கீழே வரை வெட்டி நசுக்கி எறியவும். இலையெல்லாம் குட்டையாகக் கொத்தாகிவிட்டால் சிற்றிலை நோய், தத்துப்பூச்சி பரப்புவது, குணமாகாது. அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும்.

நாட்டு ரகத்தில் விதை வேண்டுமென்றால் முதலிரண்டு காயில் ஒன்றைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். பழத்தைப் பிசைந்து தண்ணீரில் கரைத்தால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடலாம். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவைத்தால் அடுத்த ஆடிக்கு விதை தயார்.